நிரந்தர வேலையும் துரை வண்டியும்

பயிற்சி முடித்த தங்கைகளுக்கு,

என் வழியனுப்பு விருந்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. வாயில் கேக் இருந்தது, பக்கத்தில் மேட்ரன் இருந்தார். இரண்டும் இல்லாத நேரத்தில் இதை எழுதுகிறேன்.

"நிரந்தர வேலையா, ஒப்பந்த வேலையா, எதுக்குப் போலாம் அக்கா?" என்றீர்கள். ஓய்வு பெற்றவர்களிடம் யோசனை கேட்பது நல்ல வழக்கம்தான். எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை, தலையில் ஒரு நரை இல்லை. இருந்தும் நான் ஓய்வு பெற்றவள். நான் பார்த்தது நிரந்தர வேலை. அது முடிந்துவிட்டது. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் விவரம் வேண்டும். விருந்து நடந்த அன்று என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. இதே ஈப்போ ஆஸ்பத்திரியில், இதே பிரசவ வார்டில், மாதாமாதம் புதுப்பிக்கும் தற்காலிகத் தாதியாக இருக்கலாம். அல்லது காம்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் மருத்துவச்சியாகப் போகலாம். இரண்டையும் விட்டால் வீட்டில் இருந்துகொண்டு கற்ற தொழிலை மறக்கலாம். என் அப்பாவுக்குப் பிடித்த வழி அதுதான். நான் எதை எடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் காரணங்களைப் படிக்காமல் விட்டுவிடுவீர்கள். உங்கள் தேர்வுத் தாள்களைத் திருத்தியவள் நான்.

நான் பட்டியல் போடுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். வார்டில் கொதிநீர்ப் பாத்திரத்துக்கு மேல் ஒட்டியிருப்பது என் கைவேலை. உங்களைப் போலப் பயிற்சி முடித்து நின்றபோதும் ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் நிரந்தரம், வலப்பக்கம் ஒப்பந்தம் என்று எழுதினேன். இடப்பக்கம் நிறைந்து வழிந்தது: குவார்ட்டர்ஸ், சீருடை, சம்பளத்தோடு லீவு, வயதான பின் பென்ஷன், நினைத்த நேரத்தில் யாரும் வெளியே போகச் சொல்ல முடியாத நிம்மதி. வலப்பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் சம்பளம், நல்ல காற்று. அதற்குமேல் எழுத எதுவும் தோன்றவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். அவர் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்தவர். காலைப் பெரட்டில் ஆட்களின் பேரைக் கூப்பிட்டு, கணக்கெழுதி, ஒன்றன் பின் ஒன்றாக வந்த துரைமாரையெல்லாம் பார்த்தவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் துரை அவர் கையைக் குலுக்கி, "கிராணி, நீ இங்கே நிரந்தரம்" என்பார். ரப்பர் விலை விழுந்த ஆண்டில் அதே கை ஒரு மாத நோட்டீஸை நீட்டியது.

"தொர நிரந்தரம்னா அது அடுத்த தீவாளி வரைக்கும்," என்றார் அப்பா. "ஆஸ்பத்திரியில சொன்னா அது நெசம். கித்தா வெல விழுந்தா சனங்க நோவு வராம இருந்துருவாங்களா?"

"ஆஸ்பத்திரியில இப்ப எடம் காலி இல்லையாம்பா. ஒரு வருசம் காத்திருக்கணுமாம்."

"அப்ப ஒரு வருசம் சமையல் கத்துக்க."

மறுநாளே நான் காம்பார் பக்கத்துத் தோட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று தோட்டங்களுக்கு ஒரே மருத்துவச்சி. தங்குவது நடுத் தோட்டத்தில், காயத்துக்குக் கட்டும் காய்ச்சலுக்கு மருந்தும் கொடுக்கும் டிரெசர் ஐயாவின் கொட்டகைக்குப் பின்னால். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் என்னை மிஸ்ஸி என்று கூப்பிட்டார்கள். முதல் வாரமே ஒரு கிழவி விசாரிக்க வந்துவிட்டார்.

"ஒப்பந்தத்துலயா வந்திருக்க? எத்தன வருசத்துக்கு எழுதிக் குடுத்த?"

"ஒரு வருசந்தான் ஆச்சி."

"ஓடிப்போனா போலீசு வந்து புடிப்பானா?"

"புடிக்க மாட்டாங்க."

"அப்ப அது என்னா ஒப்பந்தம்!" என்று அவர் எழுந்து போய்விட்டார். அவர் கப்பலிறங்கிய காலத்து ஒப்பந்தத்தில் ஓடிப்போனவனுக்குச் சிறை. அவர் பார்வையில் நான் பாதி வேலைதான் பார்க்க வந்தவள்.

அந்தக் கிழவியின் மருமகள் பாக்கியம். ரப்பர்ப் பால் வெட்டுகிறவள், தலைப்பிரசவம். ஆட்கள் காட்டுக்குப் போன பிறகு வலி கண்டது. வெயில் ஏறும்போது எனக்குத் தெரிந்துவிட்டது: இந்தக் குழந்தை என் கையில் பிறக்காது, கத்தி வேண்டும். எப்படித் தெரிந்தது என்பது உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, விட்டுவிடுகிறேன். கத்தி ஈப்போவில் இருந்தது. மாட்டு வண்டியில் கொண்டுபோனால் பாக்கியம் பாதி வழியைத் தாண்ட மாட்டாள். தோட்டத்தில் வேகமாகப் போகக்கூடிய பொருள் ஒன்றுதான், துரையின் மோட்டார். பங்களா வாசலில் பளபளவென்று நின்றது. மத்தியானம் ஈப்போவில் துரைமார் கூட்டம். அதற்காகத் துடைத்து வைத்திருந்தார்கள். துரையோ மரம் பார்க்க மலைக்காட்டுப் பக்கம் நடந்து போயிருந்தார்.

"தொரகிட்ட ஆள் அனுப்பிக் கேப்போம் மிஸ்ஸி," என்றார் டிரெசர் ஐயா.

"ஆள் போய் வர நேரமாகாதா ஐயா?"

"ஆகும்தான்."

"அதுவரைக்கும் பாக்கியம் தாங்குவாளா?"

"தாங்க மாட்டாதான்."

நான் சொன்ன எல்லாவற்றையும் அவர் ஒப்புக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கேக்காம எடுத்தா என்னாகும்னு யோசிங்க. எனக்கு வீடு இருக்கு, மாடுங்க இருக்கு, இத்தன வருச சர்வீசு இருக்கு. நீங்க ஒப்பந்தம். ஒங்களுக்கு என்னா இருக்கு?"

குத்திக் காட்டத்தான் சொன்னார். நான் அதைத் தகவலாக எடுத்துக்கொண்டேன். உண்மையிலேயே எனக்கு எதுவும் இல்லை. பட்டியலின் வலப்பக்கத்தில் நான் எழுதாமல் விட்ட வரி அது.

பங்களா வாசலுக்குப் போனேன். துரையின் டிரைவர் கோபால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ஓடுமா டிரைவர்?"

"வண்டி ஓடும் மிஸ்ஸி. அப்புறம் நாந்தான் ஓடணும்."

"எவ்வளவு தூரம்?"

"தொர சத்தம் கேக்காத தூரம்." சொல்லிக்கொண்டே முன்பக்கம் போய் இரும்புக் கைப்பிடியைச் சுற்றினார். வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது.

பெண்கள் பாக்கியத்தைச் சேலைத் தூளியில் தூக்கி வந்தார்கள். கதவைத் திறந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"நில்லுங்கடி! காலெல்லாம் சேறு," என்றார் கிழவி. "தொர வண்டிலா! தண்ணி கொண்டாங்க."

ஒருத்தி நிஜமாகவே வாளியை எடுக்க ஓடினாள். உயிர் போகிற வலியில் இருந்த பாக்கியம்கூட, மெத்தையில் படாமல் இருக்கத் தன் பாதங்களை மடக்கிக்கொண்டாள். பதற்றத்தில் மனிதர்கள் எதை முதலில் காப்பாற்றுவார்கள் என்று எந்தப் பாடத்திலும் எழுதியிருக்காது. இவர்கள் மெத்தையைக் காப்பாற்றினார்கள். கழுவ வேண்டாம் என்று நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. கோபால் தன் காக்கிச் சட்டையைக் கழற்றி உள்ளே விரித்தார்.

"இதுல கால வைங்க தங்கச்சி. இது தொர சட்டையில்ல, நம்ம சட்ட."

அந்தச் சொல்லுக்குத்தான் அவர்கள் அசைந்தார்கள். பாக்கியம் ஏறினாள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. தோட்டத்து வழக்கப்படி, துரை வண்டி வந்தால் ஓரமாக நின்று சலாம் போட வேண்டும். உள்ளே யார் என்று பார்க்கும் வழக்கம் கிடையாது. பால் வாளியோடு வந்த ஆட்கள் நின்று சலாம் போட்டார்கள். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சலாம் போட்டார். வாசலில் ஜாகாக்காரர், நாங்கள் ஜாகாண்ணே என்று கூப்பிடும் காவல்காரர், குறுக்குக் கம்பத்தைத் தூக்கிவிட்டு விறைப்பாக நின்று சலாம் போட்டார். வலிக்கு நடுவே பாக்கியம் கேட்டாள்: "மிஸ்ஸி, இவங்கல்லாம் யாருக்குக் கும்புடுறாங்க?"

"ஒனக்குத்தான். வாங்கிக்க," என்றார் கோபால் திரும்பிப் பார்க்காமல்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். துரை கூட்டத்துக்குப் போகவில்லை.

மறுநாள் ஆபீசில் விசாரணை. துரைக்குத் தமிழ் தெரியும், தன்னுடைய முறையில். "யார் சொல்லி வண்டி எடுத்தான்?"

டிரெசர் ஐயா சுவரில் மாட்டியிருந்த மழைக் கணக்கை மிகுந்த கவனத்தோடு படித்தார்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன் துரை."

"நாந்தான் ஓட்டுனேன் தொர," என்றார் கோபால்.

முடிவு சொல்வதற்கு முன் துரை, பாக்கியம் நலமா என்று கேட்டார். அதை மறைக்க மாட்டேன். அதற்குப் பிறகு கோபாலை அங்கேயே வேலையிலிருந்து நீக்கினார். என்னை நீக்க முடியவில்லை. ஒப்பந்தத்தில் இன்னும் மாதங்கள் பாக்கி இருந்தன, இடையில் நிறுத்துவதற்குக் கம்பெனியிடம் காரணம் சொல்ல வேண்டும். கோபாலுக்கு ஒரு துண்டுத் தாளும் கிடையாது. அவர் வந்தபோது "ஓட்டு" என்றார்கள், இப்போது "போ" என்றார்கள். டிரெசர் ஐயாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நோயாளியைத் தக்க நேரத்தில் அனுப்பியதற்காகத் தோட்டங்களைப் பார்வையிட வந்த டாக்டர் அவரைப் பாராட்டிவிட்டுப் போனார். "எனக்கே கூச்சமா இருக்கு மிஸ்ஸி," என்றார். கூச்சத்தோடேயே ஏற்றுக்கொண்டார்.

ஆண்டு முடிந்தது. புதுப்பிக்க வைத்த ஒப்பந்தத்தில் ஒரு புதிய விதி இருந்தது: மேலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் தோட்டத்து மோட்டாரை மருத்துவச்சி எக்காரணத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. நான் பல குழந்தைகளைப் பிறப்பித்திருக்கிறேன். அந்த விதியும் என் கையில் பிறந்ததுதான்.

"பிறக்கப்போகிற குழந்தைக்கு எழுதத் தெரியாது துரை," என்றேன்.

"டிரெசர் எழுதுவான்," என்றார் துரை.

நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த வாரமே ஈப்போவில் இடம் காலியானது. அப்பா கோயிலில் தேங்காய் உடைத்தார். நான் நிரந்தரமானேன்.

நிரந்தர வேலையைக் குறை சொல்லமாட்டேன். சீருடை வெளுத்து வரும், சம்பளம் நாள் தவறாது. நன்றாகப் பிரசவம் பார்த்தாலும் சுமாராகப் பார்த்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முதல் ஆண்டில் அது நிம்மதியாக இருந்தது. பிறகு எனக்கே அது அவ்வளவு நல்ல செய்தியாகத் தோன்றவில்லை.

அங்கே பினாங்கிலிருந்து வந்த மூத்த தாதி ஒருவர். சீனப் பெண்மணி, தமிழ் நன்றாகப் பேசுவார். உங்களுக்குத் தெரியும், பேர் எழுதவில்லை. வார்டு முழுவதும் அவர் கையில்தான் ஓடியது. டாக்டர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். ஆனால் அவர் தற்காலிகம். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தற்காலிகம்.

"நீ பெர்மனன் லா, நான் டெம்பரரி," என்று சிரிப்பார். "பிள்ள குறுக்க நின்னா யாரக் கூப்பிடுறாங்க? டெம்பரரியத்தான்."

ஏதோ பரீட்சை எழுதவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். காரணம் கேட்கவில்லை. என் பட்டியலின் இடப்பக்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தினமும் பக்கத்தில் நின்று கை கழுவிக்கொண்டே இருந்தார்.

கோபால் ஈப்போவுக்கு வந்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தார். தோட்டங்களிலிருந்தும் ஈயச் சுரங்கப் பக்கமிருந்தும் பிரசவக்காரிகளைக் கொண்டுவருவார். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று கேட்பார்: "மிஸ்ஸி, கால் கழுவிட்டு எறக்கவா?" வார்டில் சிரிக்காதவள் என்று பேர் வாங்கியிருந்த நான் அதற்கு மட்டும் சிரிப்பேன். ஒருநாள் வெறும் வண்டியோடு வந்து நின்றார்.

"யாரைக் கொண்டு வந்தீங்க?"

"யாரையுமில்ல. கொண்டு போக வந்தேன்."

"எங்கே?"

"ஒங்க அப்பாகிட்ட. ஒரு விசயம் கேக்கணும், வழி தெரியல."

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வேல நிரந்தரமா?"

"வண்டி என்னோடது மாமா. என்னைப் போன்னு சொல்ல யாருமில்ல. வண்டிதான் அப்பப்ப நின்னுரும்."

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சம்மதித்தார்.

மேட்ரனிடம் சொன்னேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வாழ்த்தினார். அதே மூச்சில், குவார்ட்டர்ஸ் சாவியை மாதக் கடைசியில் யாரிடம் கொடுப்பாய் என்று கேட்டார்.

"எதற்கு மேடம்? கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன்."

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். பிறகு விளக்கினார். மணமான பெண் நிரந்தர வேலையில் இருக்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்த விதி. அதே மாதம் நம் கம்பவுண்டருக்கும் கல்யாணம். அவருக்கு லீவும் பெரிய குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். கல்யாணத்தால் ஆண் பொறுப்புள்ளவன் ஆகிறான் என்று மேட்ரன் சொன்னார். நான் என்ன ஆகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் நான் தேவை என்பது அவருக்குத் தெரியும். அதனால் அதே கட்டில்கள், அதே வேலை, மாதாமாதம் புதுப்பிக்கும் தற்காலிகத் தாதி என்ற இடத்தைக் கொடுக்க முன்வந்தார்.

பினாங்குத் தாதி கை கழுவிக்கொண்டிருந்தார். "இப்ப புரிஞ்சுதா? நானும் கல்யாணம் பண்ணேன் லா. வா, இங்க எடம் இருக்கு," என்று கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

காம்பாரிலிருந்து செய்தி வந்தது அந்த வாரம்தான். பழைய துரை ஊர் திரும்பிவிட்டார். புதிய துரைக்கு மருத்துவச்சி வேண்டுமாம்.

மேட்ரன் கொடுத்த தாளையும் காம்பாரிலிருந்து வந்த ஒப்பந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பட்டியல் போடவில்லை. ஆஸ்பத்திரித் தாள் அச்சடித்தது. பேர் எழுத ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு, வேறெதற்கும் இடம் இல்லை. தோட்டத்துத் தாள் தட்டச்சில் அடித்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அடித்தது என்றால் அவரையே மறுபடி உட்காரவைத்து மாற்றி அடிக்கச் சொல்லலாம். பழைய மோட்டார் விதி அதில் அப்படியே இருந்தது. துரை மாறியும் விதிதான் அங்கே நிரந்தரமாக இருந்திருக்கிறது.

கல்யாணம் முடிந்ததும் கோபாலின் வண்டியில் காம்பாருக்குப் போனேன். புதிய துரை இளைஞர், மரியாதையாகப் பேசினார்.

"இந்த விதியை எடுத்துவிட வேண்டும்," என்றேன். "அதற்குப் பதிலாக, அவசரமென்று மருத்துவச்சி சொன்னால் யாரையும் கேட்காமல் எந்த வண்டியையும் எடுக்கலாம் என்று எழுத வேண்டும். வண்டி ஓட்டியவரை அதற்காக வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்றும் எழுத வேண்டும்."

"எந்த வண்டியையுமா? என் வண்டியையுமா?"

"உங்கள் வண்டிதான் வேகமாகப் போகும் துரை."

அவர் பேனாவை உருட்டினார். "மணமானவர் என்கிறீர்கள். பிள்ளைகள் பெறுவீர்களா?"

"அதுதானே துரை என் தொழில்?"

கிராணியைக் கூப்பிட்டு மாற்றி அடிக்கச் சொன்னார். வேறு மருத்துவச்சி கிடைத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அதையும் தெரிந்துகொண்டுதான் பேசினேன். படித்துப் பார்த்து, கோபாலுக்கும் படித்துக் காட்டி, கையெழுத்துப் போட்டேன். ஓராண்டு. அடுத்த ஆண்டு மறுபடி வாதாட வேண்டும்.

ஆகவே தங்கைகளே, எதற்குப் போகலாம் என்று நான் சொல்லப் போவதில்லை. எந்தத் தாளாக இருந்தாலும், அதில் ஒரு வரியை மாற்றச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வார்டில் தற்காலிகமாக யாராவது இருந்தால் ஏன் என்று முதல் நாளே கேளுங்கள். அவர் கை கழுவி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

திரும்பும்போது தோட்டத்து வாசலில் மோட்டார் சத்தம் கேட்டதும் ஜாகாண்ணே பழக்கதோஷத்தில் கம்பத்தைத் தூக்கி விறைப்பாக ஒரு சலாம் போட்டார். பிறகு குனிந்து உள்ளே பார்த்தார்.

"அட, நம்ம மிஸ்ஸி! நான் தொரன்னுல்ல நெனச்சேன். போட்ட சலாமத் திருப்பிக் குடு."

"முடியாதுண்ணே," என்றேன். "ஒப்பந்தத்துல எழுதியாச்சு."